நாக்கில் வைத்துப் பார்த்தவர்

குமணன்சாவடிக் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சோப்புக் கம்பெனி வண்டிக்காரர் கன்னியப்பன் மாட்டை நிறுத்தி, "இன்னாம்மா மேரி, சேதி தெரியாதா? நம்ம ரத்தினவேலு ஐயா தவறிப் பூட்டாரு" என்றார். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கம்பெனியில் ரசாயனம் பார்த்தவர் ஐயா. நான் சோப்பு வெட்டுகிறவள். இவ்வளவு எண்ணெய்க்கு இவ்வளவு காஸ்டிக் சோடா, அதில் இவ்வளவு சோப்பு வரும் என்று காய்ச்சுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லுவார். ஏறக்குறைய அப்படியே வரும். எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"முக்காலிக்குப் பலகை ஒண்ணு, காலு மூணு. எண்ணெயிலே ஒரு மூலக்கூறுக்குக் காஸ்டிக்லே மூணு. பலகை தீந்துபோச்சுன்னா மீதிக் காலை வெச்சிகினு இன்னா பண்ணுவே?" என்று சிரித்தார்.

காய்ச்சிய கொப்பரையை இறக்கி, ஆறியதும் சோப்பில் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். மீந்த காஸ்டிக் இருந்தால் சுரீரென்று கடிக்கும். கடித்தால் எங்களைத் தொட விடமாட்டார்.

யுத்தம் வந்தது. ஆவடி முகாமுக்குச் சோப்பு மேல் சோப்பாகக் கேட்டார்கள், எண்ணெயோ கிடைக்கவில்லை. முதலாளி எண்ணெயைப் பாதியாக்கினார், காஸ்டிக்கைக் குறைக்கவில்லை.

"பாதி எண்ணெய்க்குப் பாதி சோப்புதான் முதலாளி. மீதி காஸ்டிக்கு இந்தப் பொண்ணுங்க கையைத் தின்னுடும்" என்றார் ஐயா.

"களிமண்ணு போட்டு எடையை நான் சரிக்கட்டிக்கிறேன். உன் வேலையைப் பாருய்யா."

ஐயா ஒரு துண்டை நீட்டினார். "அப்போ நீங்களே நாக்குலே வெச்சுப் பாருங்க."

முதலாளி வாங்கவில்லை. மறுநாளே ஐயாவை வெளியே அனுப்பினார்கள். எண்ணெயைத் திருடி விற்றதால்தான் சோப்பு கெட்டது என்று பழியும் போட்டார்கள். திருட்டுப் பட்டம் சுமந்தவருக்கு அப்புறம் யாரும் வேலை கொடுக்கவில்லை. கடைசிவரை வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். எங்கள் உள்ளங்கைகள் தோலுரிந்தன.

வேலப்பன்சாவடியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆளுயர ரோஜா மாலை வந்திருந்தது, முதலாளி அனுப்பியது. கூடவே குளிப்பாட்டுவதற்கென்று ஒரு பெட்டி சோப்பு. மானம் வெட்கம் இல்லாத மனுஷன்! ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். சுரீரென்றது.

"அம்மா, இது வாணாம்" என்றேன் ஐயாவின் மனைவியிடம். அவர் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய்ச் சீயக்காய்த் தூள் கரைத்துக்கொண்டு வந்தார்.

போய் வாருங்கள் ஐயா. எங்கள் கைகளைத் தின்ற அந்தச் சோப்பு உங்கள் மேல் படவில்லை.