திரும்பிப் பார்த்த குழந்தை

அம்மாவின் வேலை, கேட்காத காதுகளைக் கண்டுபிடிப்பது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அறைக்கு அடுத்த அறை அவளுடையது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு சின்னப் பித்தளை மணி. ஆறேழு மாதக் குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொள்வாள். எதிரே ஒரு நர்ஸ் துணி பொம்மையை ஆட்டி அதன் கவனத்தைப் பிடித்து வைப்பாள். அம்மா பின்னால், கண்ணில் படாமல் நின்று, மெல்ல மணியடிப்பாள். குழந்தை திரும்பினால் காது கேட்கிறது. திரும்பாவிட்டால் பெரிய டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அம்மா அதில் கில்லாடி. நிழல் விழும் என்று ஜன்னல் பக்கம் நிற்க மாட்டாள். வளையல் போட மாட்டாள். வாசனைக்குத் திரும்பிவிடும் என்று பவுடரைக்கூட விட்டுவிட்டாள். "உங்கம்மா திருடப் போயிருந்தா பெரிய ஆளாயிருப்பா" என்று அப்பா மகளிடம் சொல்வார்.

பிறகு அந்த மிஷின் வந்தது. உள்ளங்கை அளவு; ஒயரின் நுனியில் ரப்பர் மொட்டு. காதில் செருகினால் சன்னமாக ஒலி அனுப்பும். நல்ல காதாக இருந்தால், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உள்காதில் நுண்ணிய செல்கள் அந்த ஒலிக்கு அசைந்து, தாமும் ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். யார் காதுக்கும் எட்டாத ஒலி. மிஷின் அதைப் பிடித்துக் கோடாக வரையும்.

"காது கேக்கும், சரி. காது எங்கயாவது பேசுமா?" என்றாள் அம்மா.

மிஷினைப் பொருத்த வந்தவர் சிரித்தார். "உங்க காதுலயே வெச்சுப் பாருங்க மேடம்."

வைத்துப் பார்த்தாள். திரையில் கோடு எழும்பியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை அந்தக் கோட்டின் அச்சுப் பிரதி ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது. "வீட்ல நான் பேசினா ஒருத்தர் காதுலயும் விழாது. என் காது பேசினது மிஷினுக்கே கேட்டிருக்கு, பாத்துக்கோங்க." எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த மகள், இரைச்சலிலிருந்து ஒலியை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடி. காது பேசும், அதைக் கேட்டுப் பாக்கலாம்னு முதல்ல யாருக்குடி தோணுச்சு?" என்றாள்.

அம்மா இப்போது இல்லை. அவள் பேசும் வீடியோக்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. மகளால் இன்னும் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. அந்தக் கோட்டை மட்டும் பார்க்க முடிகிறது.

மிஷின் வந்த வாரமே சுண்டு வந்தான். ஒரு தையல்காரப் பெண்ணின் மகன், ஏழு மாதம், கொழுகொழுவென்று. மணிக்கு டக்கென்று திரும்பினான். "பாஸ்" என்றாள் பொம்மை பிடித்த நர்ஸ். அம்மா பழகிக்கொள்வதற்காக மிஷினையும் வைத்தாள். இரண்டு காதிலும் கோடு எழும்பவில்லை.

ரப்பரைத் துடைத்து மறுபடி வைத்தாள். இல்லை. தன் காதில் வைத்தாள், கோடு வந்தது. வரிசையில் நின்ற இன்னொரு குழந்தைக்கு வைத்தாள்; வந்தது. சுண்டு பால் குடித்துத் தூங்கும்வரை காத்திருந்து வைத்தாள். இல்லை.

"புது மிஷின்தானே, கோளாறா இருக்கும். அவன்தான் திரும்பினானே?" என்றாள் நர்ஸ்.

அவன் திரும்பினான். அதில் சந்தேகமில்லை. எதற்குத் திரும்பினான்?

சுண்டு விழித்ததும் அம்மா நர்ஸிடம், "நீ பொம்மையை ஆட்டு. ஆனா கண்ணை மூடிக்கோ" என்றாள்.

"கண்ணாமூச்சியா? சரிக்கா."

அம்மா மணியடித்தாள். சுண்டு பொம்மையையே பார்த்தான். ஓங்கி அடித்தாள். அசையவில்லை. வராந்தாவில் இருந்த குழந்தைகள்கூட எட்டிப் பார்த்தன. நர்ஸுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து மணியைப் பார்த்தாள். சுண்டு டக்கென்று திரும்பினான்.

நர்ஸ் பொம்மையைக் கீழே இறக்கினாள்.

"நான் சும்மாதான்க்கா பாத்தேன்" என்றாள் நர்ஸ் மெல்ல.

"அதைத்தான்டி அவன் கேட்டிருக்கான்."

ஒவ்வொரு குழந்தையும் தேறிவிட வேண்டுமே என்ற ஆசையில் நர்ஸின் கண் மணிப்பக்கம் ஓடியிருக்கிறது, அவளுக்கே தெரியாமல். வளையலையும் பவுடரையும் யோசித்த அம்மா இதை யோசிக்கவில்லை. பல்கூட முளைக்காத ஒரு குழந்தை அந்தக் கண்ணைப் படித்திருக்கிறது.

தையல்காரப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "தையல் மிஷின் சத்தம் கேட்டா சிரிக்கிறான்க்கா. காது கேக்காத பிள்ளை சிரிக்குமா? உங்க மிஷினைக் கொண்டுபோய்க் கடையில குடுங்க." பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தலையில் ஒயர் ஒட்டி, பிள்ளை தூங்கும்போது எடுக்கும் பெரிய டெஸ்டுக்குக் குறித்த நாளில் வரவில்லை. பேச்சு பழகும் வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம். அதைக் கடந்துவிட்டால் காதுக்குக் கருவி வைத்தாலும் சொற்கள் சுலபமாக ஏறாது.

அடுத்த ஞாயிறு அம்மா அவள் வீட்டைத் தேடிப் போனாள். மாடியில் ஒற்றை அறை, மரப்பலகைத் தரை. தையல் மிஷினுக்குப் பின்புறம் மரத்தொட்டில். சுண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"வந்துட்டீங்களா? இப்பப் பாருங்க" என்று அவள் மிஷினை மிதித்தாள். சுண்டு காலை உதைத்துச் சிரித்தான். "இப்ப என்ன சொல்றீங்க?"

அம்மா சுற்றிப் பார்த்தாள். மூலையில் குவிந்திருந்த பஞ்சுத் துண்டுகளை எடுத்து, தொட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமாகத் திணித்தாள். "இப்ப மிதிங்க."

மிஷின் அதே இரைச்சலோடு ஓடியது. சுண்டு விரலைச் சூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான். அவள் வேகமாக மிதித்தாள். இன்னும் வேகமாக. நூல் அறுந்தது.

அம்மா பஞ்சை உருவினாள். நூலைக் கோக்காமலே அவள் மெல்ல மிதித்தாள். சுண்டு சிரித்தான்.

வெகுநேரம் அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் வர்றது இவனுக்கு எப்படித்தான் தெரியுது? வாசல்ல வரும்போதே சிரிக்கிறானே?"

"பலகை அதிருது. வெளிச்சம் மாறுது. இன்னும் எது எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறானோ, எனக்கே தெரியல."

"இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டியேடா திருட்டுப்பயலே." என்றாள் பிள்ளையிடம்.

"ஏமாத்தலம்மா. காதைத் தவிர தன்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் வெச்சு உங்களைக் கேட்டுட்டு இருந்திருக்கான். இவ்வளவு கெட்டிக்காரன் காதுக்கு ஒரு கருவி குடுத்தா விடுவானா?"

அவள் பிள்ளையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் அவள் கண்ணீரை உற்றுப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உதடு பிதுங்கியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஒயர் டெஸ்டுக்கு நாளைக்கு வந்தா எடுப்பாங்களாக்கா?"

"எடுக்க வெக்கிறேன். பசியோட கொண்டு வாங்க. அங்க வந்து பால் குடுத்துத் தூங்க வெச்சுடலாம்."