மூன்று லென்ஸிலும் ஒரே மங்கல்

பால்ச்சாமிக்குக் கோபம் வந்தால் முதலில் வண்டியைத் திட்டுவார், அடுத்து ரோட்டைத் திட்டுவார், மூன்றாவதாகத்தான் மனிதர்கள் பக்கம் வருவார். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் பெண்களை ஏற்றி வரும் பஸ் அவருடையது. அவருடையது என்றால் ஓட்டுவது மட்டும். சொந்த ஊரான மகாராஜபுரத்தில் காலை ஆறே முக்காலுக்கு எடுத்தால் வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வழியெல்லாம் ஆள் ஏற்றி, எட்டு மணிக்கு மில் வாசலில் இறக்கிவிட வேண்டும். முப்பத்தெட்டுப் பெண்கள். சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி அதே முப்பத்தெட்டுப் பேர். நடுவில் கிடக்கும் ஒன்பது மணி நேரத்தை மனிதன் என்னதான் செய்வான்? மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள், தூங்கினார்கள், போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பால்ச்சாமி படம் எடுத்தார்.

அவரிடம் இருந்தது ஃபிலிம் போடுகிற பழைய பென்டாக்ஸ் கேமரா. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் யதிராஜன் கடையில் வாங்கியது. யதிராஜன் ஒரு காலத்தில் ஸ்டூடியோக்காரர்களுக்குச் சாமான் விற்றவர். இப்போது பழைய கேமரா, லென்ஸ், ஃபிலிம் ரோல் என்று போனிலேயே ஊர் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது. பெங்களூர்ப் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள். பால்ச்சாமிக்கு அந்தக் கேமரா பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வேகத்துக்கு ஒரு சக்கரம், வெளிச்சத்துக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு ஒரு வளையம். முப்பது வருஷம் கியர் போட்ட கைக்கு அது ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

முப்பத்தாறு படம் கொண்ட ஒரு ரோல் அவருக்கு ஒன்றரை மாதம் வரும். வேப்ப மரத்தடியில் தூங்கும் லாரி டிரைவர், பஞ்சுப் பொதியை இறக்கிவிட்டு அதன் மேலேயே சாய்ந்திருக்கும் சுமைக்காரர், ஓட்டல் பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் மாவாட்டுகிற அம்மா. இப்படி அசந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அவர் எடுப்பார். ஏன் அவர்களையே எடுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "அவியதான அசையாம இருக்காவ" என்பார். ரோலைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினால், கழுவி ஸ்கேன் செய்து போனுக்கு அனுப்பிவைப்பார்கள்.

போன தை மாதத்தில்தான் அந்த மங்கல் வந்தது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால், நடுவட்டம் புகை போட்ட மாதிரி இருந்தது. ஃபோகஸ் சரியாக இல்லாதவரைக்கும் அந்த வட்டம் பொடிப் பொடியாக மினுங்கும், சரியானதும் தெளிந்துவிடும். அப்படித்தான் அந்தக் கேமராவில் ஃபோகஸ் பார்ப்பது. வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பியும் வட்டம் தெளியவே இல்லை.

"பூஞ்சை பிடிச்சிருச்சு" என்று பால்ச்சாமி தீர்மானித்துவிட்டார். பழைய லென்ஸுக்குள் ஈரம் புகுந்து பூஞ்சை படர்வது உண்டுதான். லென்ஸைக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். ஓரத்தில் சிலந்தி நூல் அளவுக்கு ஒரு கீற்று இருக்கவும் செய்தது. போதாதா! கிடைத்தானடா குற்றவாளி என்று லென்ஸைத் திட்டினார், மழையைத் திட்டினார், அதை அலமாரியில் வைத்த மனைவி மாரீஸ்வரியையும் திட்டினார்.

"துணியில சுத்தி உள்ள வைன்னு நீங்கதான சொன்னீய? இப்ப எம்மேல பாயுதீய?" என்றாள் மாரீஸ்வரி.

"ஏட்டி, ஈரத்துணியில சுத்தவா சொன்னேன்?"

"காஞ்ச துணிதான். வேணும்னா மோந்து பாருங்க."

அவள் போய்விட்டாள். அவருக்குத் தலை வலித்தது. அந்த நாட்களில் அடிக்கடி வலித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யதிராஜன் கடையில் அதே ஐம்பது எம்.எம்.மில், வாய் அகன்ற ‘ஒன்று புள்ளி நாலு’ லென்ஸ் ஒன்று வாங்கினார். இந்த மாதிரிக் கேமராவில் லென்ஸ் வழியாக உள்ளே வருவதைத்தான் ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். வாய் அகன்ற லென்ஸ் போட்டால் பார்ப்பதற்கும் வெளிச்சம் கூடும். பால்ச்சாமி எடுக்கும்போது வெளிச்ச வளையத்தை எட்டுக்கோ பதினொன்றுக்கோ திருப்பி, வாயைச் சுருக்கித்தான் எடுப்பார். ஆனாலும் பார்வைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். போட்டுப் பார்த்தார். ஆகா, என்ன வெளிச்சம்! ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். பங்குனி முடிவதற்குள் அதிலும் அதே புகை.

மூன்றாவது முறை போனபோது யதிராஜன் நல்லபடியாகத்தான் புத்தி சொன்னார். "ஓய், இருபத்தெட்டு எம்.எம். எடுத்துண்டு போம். நன்னா சுருக்கி வெச்சுண்டீர்னா அஞ்சடிக்கு மேல அத்தனையும் தெளிவா விழும். ஃபோகஸோட மல்லுக்கட்ட வேண்டாம்."

"அது எல்லாத்தையும் சின்னதாக்கிப்புடும் சாமி. எனக்குப் பெருசாத் தெரியணும். அந்த நூத்தி முப்பத்தஞ்ச எடுங்க."

"அது வாய் சின்னது, மூணரை. உள்ள பார்த்தா இருட்டா இருக்கும்."

"இருட்டா இருந்தாலும் பெருசா இருக்கும்லா?"

வாங்கிக்கொண்டு போனார். தூரத்தை இழுத்துக் கொடுக்கிற லென்ஸ் அது. முகம் பெரிதாகத்தான் வந்தது, மங்கலும் கூடவே பெரிதாக வந்தது. நடுவட்டம் கருத்துப்போய், மாவாட்டுகிற அம்மாவின் மூக்கு எங்கே, கண் எங்கே என்று தெரியவில்லை. ஆடி மாதக் கடைசி ஞாயிறு, மூன்று லென்ஸையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மடவார் வளாகத்துக்குப் பஸ் ஏறினார். வழி நெடுக என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்.

"மூணும் பூஞ்சை பிடிச்ச சரக்கு. மனுசன ஏமாத்துனா போதும்னு இருக்கீயளா சாமி?"

யதிராஜன் மூன்று லென்ஸையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, "கடைசி ரோல் படம் போன்ல இருக்கா?" என்றார். பால்ச்சாமி எடுத்துக் காட்டினார். யதிராஜன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இது எப்படி எடுத்தீர்? ஃபோகஸ் பார்த்தா?"

"எங்க பாக்க? ஒண்ணும் தெரியலைன்னு வளையத்துல போட்டுருக்க அடிக்கணக்க வச்சு எடுத்தேன்."

"படத்துல ஒரு மங்கலும் இல்லியே. வேஷ்டி மடிப்பு வரைக்கும் விழுந்திருக்கு. லென்ஸ்ல பூஞ்சைன்னா ஃபிலிம்லயும் மங்கலா விழணுமோ இல்லியோ?"

பால்ச்சாமிக்குச் சுருக்கென்றது. யதிராஜன் கேமராவை வாங்கி, எதிர்வீட்டுக் கதவின் கொண்டியைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். மூன்று லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு கேமராவை நீட்டினார். "எந்தக் கண்ணால பார்க்கறீர்?"

"எப்பவும் வலதுதான்."

"இடதால பாரும்."

பால்ச்சாமி இடது கண்ணை வைத்தார். கொண்டி தெரிந்தது. கொண்டியில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு தெரிந்தது, கயிற்றின் முறுக்கும் தெரிந்தது. வட்டம் அப்படியே தெளிந்துபோய்க் கிடந்தது. மறுபடி வலது கண்ணுக்கு மாற்றினார். புகை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் பொல்லாத கண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற வேலை அவருக்கு அந்தக் கேமராவில் மட்டும்தான் இருந்தது. யதிராஜன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பால்ச்சாமி குடித்தார்.

இராஜபாளையத்தில் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: சர்க்கரை கண்ணுக்குப் பின்னால் பாய்ந்திருக்கிறது, ஊசி போட்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம், போனது அவ்வளவாகத் திரும்பாது. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "வாட்ச்மேன்" என்றார் பால்ச்சாமி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டரம்மா, "நல்லவேளை" என்று சீட்டில் ஏதோ எழுதினார்.

வீட்டில் சொல்லவில்லை, மில்லிலும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதைப் பிடித்து அவருக்குப் பழக்கம்? ஐம்பத்து மூன்று வயசில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது, இத்தனை நாள் ஓட்டவில்லையா, ஒரு நாயைக்கூட அடித்ததில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே ஒன்பது நாள் ஓட்டினார். அந்த ஒன்பது நாளும் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை. உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி ஓர் அலுப்பு. கேமரா அலமாரியிலேயே கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் காலை சுந்தரபாண்டியம் தாண்டியதும் வெயில் நேரே முகத்தில் அடித்தது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் பெண்கள் வழக்கம்போல ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவை முந்த வலது பக்கம் வண்டியை எடுத்தார்.

"அண்ணே, டிராக்டரு."

அவருக்குப் பின்சீட்டில் இருந்த அனுசியாவின் குரல். மகாராஜபுரத்துப் பெண், முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள். அவள் கத்தவில்லை, சோற்றுக்கு உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். பால்ச்சாமி பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தார். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் ஒரு முழ இடைவெளியில் அவருடைய ஜன்னலை உரசுகிற மாதிரி கடந்து போனது. அது வந்ததையே அவர் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

புளிய மரம் ஒன்றின் கீழே வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தார். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அண்ணே, ஸ்கூட்டி. அண்ணே, மாடு. அண்ணே, ஒரு கிழவி குறுக்க வாரா. தினமும் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். சரியான வாயாடி என்று நினைத்திருந்தார். "வாய மூடிட்டு வா, எனக்குத் தெரியாதா?" என்று இரண்டு முறை எரிந்து விழுந்தும் இருக்கிறார்.

சீட்டில் திரும்பி உட்கார்ந்து கேட்டார்: "எம்புட்டு நாளாத் தெரியும் ஒனக்கு?"

அனுசியா கொஞ்சம் தயங்கினாள். "பொங்கலுக்குப் பொறவு ஒரு நா, வத்திராயிருப்புத் திருப்பத்துல சைக்கிள்காரர் பக்கத்துல வார வரைக்கும் நீங்க பாக்கல. அன்னைலருந்துதான் இந்தச் சீட்டுல உக்காருதேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்கள நிப்பாட்டிருவாவ. வேற ஆளு வருவான். எங்க மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, தொடச்சு விட்டுட்டு வாரதுக்கு அஞ்சு நிமிசம் பிந்துது. நீங்கன்னா நிப்பீய. அவன் நிப்பானாண்ணே?"

பால்ச்சாமி கீழே இறங்கி, மில்லில் வண்டி பார்க்கிறவருக்குப் போன் போட்டார். "சார், வேற டிரைவர சுந்தரபாண்டியத்துக்கு அனுப்புங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வலது கண்ணு தெரியல. ஆமா சார், ரொம்ப நாளாவே தெரியல. இனி நான் ஓட்டல." அந்தப் பக்கம் ஏதேதோ கத்தினார்கள். கேட்டுக்கொண்டார். தலைவலி இருந்தது, ஆனால் ஒன்பது நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொண்டார்.

மேலே ஏறி வந்தபோது பெண்கள் எழுந்துவிட்டிருந்தார்கள். ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றதும், அரை நாள் சம்பளம் போச்சே என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். அனுசியா முணுமுணுக்கவில்லை.

"வாரவருக்கு நல்லாக் கண்ணு தெரியுமாண்ணே?"

"தெரியும். சின்ன வயசுதான். நீ பிந்துனாலும் நிக்கச் சொல்லி அவன்கிட்ட நான் சொல்லிட்டுப் போறேன்."

அவள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

"அப்ப இனிமே நானும் இவளுக மாதிரி செத்த நேரம் தூங்கிக்கிடட்டுமாண்ணே?"

பால்ச்சாமி பதில் சொல்வதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.