துண்டுக்குள் ஒரு வாட்ச்

தம்பி, பாப்பா, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாதிக் கதை தம்பிக்குத் தெரியும், சிங்கப்பூரில் இருந்து போனில் கேட்டது. மறு பாதி பாப்பாவுக்குத் தெரியும், ஆலங்குடி கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது. நடுவில் வயலில் நடந்தது எனக்கும் நான் உழப் போயிருந்த நிலத்துக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அவரோ அதைக் கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறார். அது வேறு மாதிரி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

பாப்பா வேளாண்மைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது, போன் நம்பர் கேட்ட இடத்தில் என் நம்பரைக் கொடுத்தோம். கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும் நம் வீட்டில் என் நம்பர்தான் என்பதால் யாரும் யோசிக்கவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. சீட் ஒதுக்கினால் அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று உறுதி செய்ய ஓடிபி வருமாம். என் நம்பருக்குத்தான் வருமாம். சில நிமிடங்களில் காலாவதி ஆகிவிடுமாம். சொன்ன நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுமாம். நம்பரை மாற்றவும் வழி இல்லை.

"போன அவகிட்டக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் உங்கள் அம்மா.

"வெதப்பு நேரத்துல டிராக்டர்காரன் போன் இல்லாம திரிஞ்சா, தொழில விட்டுட்டான்னு நெனச்சுருவாங்க."

அது உண்மைதான். மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்தச் சில நாட்களில்தான் கடலை போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஆனால் டிராக்டர் ஓடும்போது போன் அடித்தால் எனக்குக் கேட்காது. சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் நனைந்துவிடும் என்று அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்குக் கீழே டூல்ஸ் பெட்டியில் வைத்திருப்பேன். தம்பி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறான்: "ஒங்களுக்குப் போன் போடுறதும் ஒண்ணுதான், கெணத்துல கல்லப் போடுறதும் ஒண்ணுதான்." அதனால்தான் லீவில் வந்த கூட்டாளியிடம் அவன் இந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கொடுத்தனுப்பினான். போனுக்கு எது வந்தாலும் இது கையில் அதிரும், யார் என்று காட்டும், மெசேஜையும் காட்டும் என்றான்.

முதல் நாள் நான் அதை எப்படிக் கட்டிக்கொண்டு போனேன் என்பது பாப்பாவுக்கு நினைவிருக்கும். முகப்பில் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்கவில்லை. புழுதி படும் என்று அதன் மேல் பால் கவரை வெட்டிச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். சட்டையின் முழுக்கைக்கு மேலேயே பட்டையைக் கட்டியிருந்தேன். பாப்பா வீட்டிலிருந்து திரும்பத் திரும்பப் போன் போட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்கு ஒரு எறும்பு ஊர்ந்ததுபோலக்கூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி வீடியோ காலில் வந்தான்.

"அப்பா, மேலேருந்து கீழ இழுங்க."

நான் பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பட்டைய இல்லப்பா! கண்ணாடிய, வெரலால!"

"ஒங்க அப்பா பிச்சுருவாரு தம்பி, பாப்பாகிட்டக் குடுக்கச் சொல்லு" என்று அடுப்படியில் இருந்து சத்தம் வந்தது.

பாப்பா வாங்கி, தாளை உரித்தாள். எனக்குத் தோலையே உரித்ததுபோல இருந்தது. அதிர்வு என்ற இடத்தில் மெதுவாக, நடுத்தரம், பலமாக என்று மூன்று இருந்தன. கூச்சமாக இருக்கிறது என்று நான் மெதுவாகவே வைத்திருந்தேன். அவள் பலமாக மாற்றினாள். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். சும்மா வைத்திருந்த வாட்ச் மேசையில் அதிர்ந்து தானாகவே நகர்ந்து டம்ளர் வரைக்கும் போனது. உங்கள் அம்மா டம்ளரை எடுத்து அங்கிட்டு வைத்தாள்.

ஆனால் மறுநாள் டிராக்டரில் ஏறியதும் அந்தப் பலமான அதிர்வும் காணாமல் போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை எந்நேரமும் உதறிக்கொண்டே இருக்கும். உதறுகிற கையில் எந்த உதறலை வாட்ச் என்று எடுத்துக்கொள்வது? விஷயத்தைச் சொன்னதும் பாப்பா தானே வந்து மட்கார்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் மடியில் அவளுடைய போன். நான் ஓட்ட, அவள் போன் போட, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று வரப்புக்கு வரப்பு ஒரே கேள்வி. வலது கையில் கட்டிப் பார்த்தோம், முழங்கைக்குப் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தோம். கடைசியில் அவள்தான் அதைத் திருப்பி, முகப்பு மணிக்கட்டின் உள்பக்கம் வருமாறு இறுக்கிக் கட்டினாள். அந்த இடத்துத் தோல் மெல்லிசு. சட்டென்று ஒரு தவளையைக் கையில் பிடித்ததுபோல இருந்தது.

"தெரியுது ஆத்தா, தெரியுது!"

"அப்பாடி. எனக்கு சீட் வாரதுக்குள்ள ஒங்களுக்கு உணர்ச்சி வந்துருச்சு."

அவள் இறங்கி நடந்து போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடுமே, சாயங்காலம் வரை தாங்காதே என்று வெளிச்சத்தை மட்டும் அடியோடு குறைத்துக்கொண்டேன். அதிரத்தான் அதிர்கிறதே, அப்புறம் எதற்குப் பகலில் விளக்கு என்று நினைத்தேன்.

இங்கே நம் வீட்டு மிஸ்டு கால் முறையைச் சொல்ல வேண்டும். இப்போது எல்லாருக்கும் அளவில்லாமல் பேச வசதி இருக்கிறது. ஆனாலும் உங்கள் அம்மா எனக்குப் போன் போட்டுப் பேசியதாக நினைவில்லை. ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டு தடவை விட்டால் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று அர்த்தம். நான் அதை எடுக்கவே மாட்டேன். எடுத்தால் திட்டுவாள், "மிஸ்டு கால எதுக்குங்க எடுக்குறீக, ஏதோ ஆகிப்போச்சுன்னு நானே பயந்துட்டேன்" என்று. டூல்ஸ் பெட்டியில் கிடந்த போனை டீ குடிக்க இறங்கும்போது பார்த்துப் புரிந்துகொள்வேன். வாட்ச் வந்த பிறகு கையிலேயே கணக்குத் தெரிந்தது. ஒரு அதிர்வா, கரண்ட். இரண்டா, சாப்பாடு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சீட் ஒதுக்கீட்டுப் பட்டியல் வர இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் நான் டிராக்டரை எடுக்காமல் பாப்பாவோடு ஆலங்குடிக்குப் போவதாகத்தான் பேச்சு. அதனால் அன்று கீரமங்கலம் பக்கத்தில் ஒருவருக்குக் கடலைக் கொல்லை உழப் போயிருந்தேன். பாப்பா சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சென்டருக்குப் போனாள். போன இடத்தில் பட்டியல் வந்துவிட்டது. அவளுக்கு சீட்டும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்றும் போட்டிருந்தது. இது எதுவும் எனக்குத் தெரியாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி உழ ஆரம்பித்திருந்தேன். கையில் ஒரு அதிர்வு வந்து நின்றது. சரி, கரண்ட் வந்துவிட்டது, தென்னைக்குத் தண்ணீர் பாயும் என்று சந்தோஷமாக ஓட்டினேன். கொஞ்சம் போனதும் இன்னொன்று. இரண்டு என்றால் சாப்பாடு. இப்போதுதானே தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன்? உங்கள் அம்மாவுக்கு என்மேல் திடீரென்று என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அடுத்த உழவுச் சாலில் மூன்றாவதும் அதிர்ந்து பாதியில் நின்றது. மூன்றுக்கு நம் வீட்டில் அர்த்தமே கிடையாது.

அந்தக் கொல்லையில் டவர் சரியாகக் கிடைக்காது. பாப்பா போட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒரு ரிங் போய்ப் போய்க் கட் ஆகிறது. நான் அதை மிஸ்டு கால் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். யார் என்று பார்க்கலாம் என்று கையைத் திருப்பினால், உச்சி வெயிலில் வாட்ச் கறுப்புச் சில்லாக இருக்கிறது. என் மூக்குதான் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டலாம் என்றால், கூட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்கவே முதலில் வெளிச்சம் வேண்டியிருந்தது. வியர்த்த விரல் வேறு, அது எங்கே இழுத்ததோ, என்ன ஆனதோ.

டிராக்டரை நிறுத்தினேன். கீழே இறங்கி உட்கார்ந்து, தலைத் துண்டை அவிழ்த்து உதறி, தலையும் கையும் உள்ளே போகிற மாதிரி முழுசாகப் போர்த்திக்கொண்டேன். இருட்டில் மங்கலாக எழுத்து தெரிந்தது. உங்கள் அம்மா பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லாமே பாப்பா, பாப்பா, பாப்பா.

சீட் விஷயமாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அதே நேரத்தில் வெளியே ஆள் ஓடி வருகிற சத்தம். நிலத்துக்காரர்.

"அண்ணே! அண்ணே! என்னண்ணே செய்யுது? மயக்கமா? தண்ணி கொண்டாரவா?"

"ஒண்ணுமில்லப்பா, வாட்ச்சப் பாக்குறேன்."

"வாட்ச்சுக்கு ஆவி பிடிக்கிறீங்களாக்கும்?"

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. துண்டுக்குள்ளேயே விரலைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே இழுத்து, சூரியன் மாதிரி போட்டிருக்கும் குறியைத் தொட்டு வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். பாப்பா மேசையில் செய்து காட்டியது அப்படியே வந்தது. பிறகு டூல்ஸ் பெட்டியில் இருந்து போனை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கும் மேட்டு வரப்புக்கு ஓடினேன். நிலத்துக்காரரும் எதற்கென்று தெரியாமலேயே கூட ஓடி வந்தார்.

"அப்பா, எங்கப்பா போனீங்க! சீட் வந்துருச்சுப்பா! ஓடிபி அனுப்பி அனுப்பிச் செத்துச் செத்துப் போகுது. சென்டர்க்காரர் இன்னும் ஒரு தடவதான் பாக்கலாம்ங்கிறாரு, ரொம்பத் தடவ கேட்டா லாக் ஆகிருமாம்."

"அழுகாத ஆத்தா. நான் போன காதுல வச்சிருக்கேன், வாட்ச் கையில இருக்கு. நீ அமுக்கு."

பேசிக்கொண்டே போனில் மெசேஜ் பார்க்க எனக்குத் தெரியாது. லைன் போய்விடும் என்று பயம். அதனால் ஒரு கையால் போனைக் காதில் பிடித்து, மறு கையைக் கண்ணுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். நிலத்துக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, தன் துண்டை என் கைக்கு மேலே பந்தல் மாதிரி விரித்துப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அப்போது மணிக்கட்டில் அந்தத் தவளை துடித்தது.

ஒவ்வொரு எண்ணாக, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். கடைசி எண்ணுக்குப் பிறகு அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிலத்துக்காரர் துண்டை இறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாப்பாவோடு சேர்ந்து சென்டரில் யார் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது.

"ஆகிருச்சுப்பா! ஸ்கிரீன்ல பச்சையா டிக் வந்துருச்சு!"

"என்ன படிப்புண்ணே?" என்றார் நிலத்துக்காரர்.

"வெவசாயப் படிப்பு."

"அப்பச் சரி. அடுத்த வருசம் பூச்சி விழுந்தா ஒங்க வீட்டுலதான் வந்து நிப்பேன். இப்ப வாட்ச்சுக்குத் துண்டு பிடிச்சதுக்கு, அப்பக் கூலி கேக்கக் கூடாது."

"அது பாப்பாகிட்டப் பேசிக்கங்க."

அவர் எனக்கு டீ வாங்கி வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த டீ வருவதற்குள் கதை ஊருக்குள் போய்விட்டது என்பது பிறகு தெரிந்தது. தம்பி, வாட்ச் நன்றாக இருக்கிறது. இப்போது வெளிச்சத்தைக் குறைப்பதில்லை. உங்கள் அம்மாவும் மூன்று ரிங்குக்கு "உடனே எடுக்கவும்" என்று அர்த்தம் வைத்துவிட்டாள். அதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறாள் என்பது தனிக் கதை.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நிலத்துக்காரரின் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு கொல்லையில் நான் மட்டும்தான் இருந்தேன். டிராக்டர் பாதி உழுத சாலில் நின்றது. கையைத் திருப்பினேன், வாட்ச் பளிச்சென்று எரிந்தது. அந்த மெசேஜ் இன்னும் அதிலேயே இருந்தது. இனி அதனால் யாருக்கும் உபயோகம் இல்லை, நேரம் தாண்டிவிட்டது. வரப்பில் நின்றபடி, முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை, இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன்.