அவித்த விதைநெல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த காலம். நான் கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கர், வீடு வெள்ளவத்தை. களனி விகாரையைக் கும்பிட வந்த பர்மாக்காரர் ஒருவர் ஜெட்டியில் என்னிடம் தமிழில் வழி கேட்டார். நெல் விவசாயி. தம் வயலில் வேலை செய்த தமிழரிடம் கற்ற தமிழ். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப்போனேன்.

விகாரையில் பூ வைத்துவிட்டு நேரே ஆற்றோர வயலுக்குள் இறங்கினார். வயற்காரரான சிங்களவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். பர்மாக்காரர் ஒரு கதிரை உருவி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தார். மற்றவரும் ஒன்றைக் கடித்தார். அவ்வளவுதான், இருவரும் வரப்பில் குந்திவிட்டார்கள். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன்.

"தம்பி, வயலில் நெல்லைவிடக் களை ஜாஸ்தி, சொல்லு," என்றார் பர்மாக்காரர்.

சிங்களவர் சிரித்தார். "மாத்தயா, அவர் ஊரில் களையைப் புத்த சாமியா பிடுங்குகிறார் என்று கேளுங்கள்."

பிறகு சிங்களவர் ஆற்றைக் காட்டினார். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து பயிரை மூழ்கடித்துவிடும். பர்மாக்காரர் என் தோளைத் தட்டினார். தங்கள் ஊரில் தண்ணீர் ஏற ஏறக் கூடவே வளரும் நெல் இருக்கிறதாம், விதை அனுப்புவாராம்.

சொன்னபடியே, சில மாதங்களில் வேறொரு யாத்திரிகர் கையில் என் பெயருக்கு ஒரு பை வந்தது. இரண்டு கொத்து அளவு நெல், கப்பலில் நனைந்திருந்தது. வீட்டில் வைத்துவிட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்தால் முற்றத்துப் பாயில் நெல் காய்கிறது.

"ஈரமாக் கிடந்துது, அவிச்சுப் போட்டன்," என்றாள் மனைவி. கூப்பனுக்கு அளந்து அரிசி தந்த காலம். புழுங்கலரிசிச் சோறு தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தாள் வேறென்ன செய்வாள்?

"ஐயோ, அது விதைநெல்லப்பா!"

"நீங்கள் சொன்னனீங்களே?"

நான் சொல்லவில்லை. அவித்த நெல் முளைக்காது என்பது கமக்காரன் மகனான எனக்குத் தெரியும். தெரிந்தும், அதையே பையில் கட்டிக் களனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முளைக்காவிட்டால் வெள்ளத்தின்மேலோ மண்ணின்மேலோ பழி போகும் என்று நினைத்தேன்.

சிங்களவர் பையை இரு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்தார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். பச்சை நெல் மாவாய் நொறுங்கும். அவித்தது கண்ணாடிபோல வெடிக்கும். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"நல்ல நெல், மாத்தயா. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தேநீரைக் குடித்தேன். புறப்படும்போது தம் நெல்லில் ஒரு பை என் கையில் வைத்தார்.

"இது சாப்பாட்டு நெல். இதை அவிக்கலாம்."

படலை வாசல்வரை வந்து, "பர்மாவுக்கு எழுதுங்கள், நன்றாய் முளைத்தது என்று. அவர் மனம் நோகக்கூடாது," என்றார். எழுதினேன், என் அழகான கையெழுத்தில். பர்மாக்காரர் மகிழ்ந்து பதில் போட்டார்: "வெள்ளம் வரட்டும், பயப்படாதே."

அந்த ஆண்டும் களனி ஆறு பெருகியது. நான் வயலைப் பார்க்கப் போகவில்லை.