மேலுதட்டில் ஊதாப் புள்ளிகள்

என் மகளின் மேலுதட்டில் அந்த ஊதாப் புள்ளிகளை வைத்தது யார்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை. பேய், திருஷ்டி எதையும் நம்பாதவள் நான். மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். கைக்குழந்தையான என் மகளுக்குக் கன்னத்தில் பொட்டு வைத்ததே இல்லை, மையில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம்தான்.

விருப்பப் பயிற்சிக்கு நானே கேட்டு வாங்கியது பிளாஸ்டிக் சர்ஜரி. பட்டர்வொர்த்தில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் மகளை விட்டுவிட்டு, ஃபெரியில் கடல் தாண்டி, எதிரே தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றுக்குப் போய் வருகிறேன்.

அன்று உதட்டுப் பிளவோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை. தாசேக் கெலுகோர் என்ற ஊரிலிருந்து வந்திருந்த அவன் அம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தூக்கிவந்தாள். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு. முகம் சுத்தமாக இருக்க வேண்டும், துடைக்கும் வேலை என்னுடையது.

“டாக்டர், அத மட்டும் விட்டுருங்க லா. வெறும் முகமா உள்ள போவ வேணாம்.”

“உள்ள நாங்க மட்டும்தானே அக்கா, யாரு கண்ணு வைக்கப் போறா?” என்று சிரித்தேன்.

“உங்களுக்குப் புள்ள இருக்கா?”

“ஒரு பொண்ணு.”

“பொட்டு வைப்பீங்களா?”

“வைக்கிறதில்ல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் துடைத்தேன்.

கத்தி வைக்குமுன் எங்கள் தலைமை மருத்துவர் மேலுதட்டில் ஊதா மையால் புள்ளிகள் வைப்பார், எங்கே வெட்டி எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு அதுதான் கணக்கு. அன்று மூக்குக்கு அடியில் வைத்த ஒரு புள்ளி அவருக்குத் திருப்தியாக இல்லை, துடைத்தார், முழுதாகப் போகாமல் தீற்றலாக நின்றது, அதற்குச் சற்று மேலே வேறொன்று வைத்தார். அறுவை நன்றாகவே முடிந்தது, குழந்தையும் நலம்.

வெயில் இறங்குமுன் வீடு திரும்பினேன். ஸ்டெல்லா அக்கா மகளை மடியில் வைத்தபடி வாசலிலேயே நின்று... இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இப்போதுகூட நினைத்தால் எனக்குப் படபடப்பில் எல்லாம் குழம்புகிறது.

“என்னம்மா, புள்ள வாயில கோலம் போட்ட மாதிரி இருக்கு? பேனா மை மாதிரி இருக்கே.”

நம்பினால் நம்புங்கள், அதே ஊதா, அதே இடங்கள். வீடு திரும்பி நான் இன்னும் மகளைத் தொடவே இல்லை.

“காலையில இருந்துச்சா அக்கா?”

“இல்லியே, பால் குடிச்சப்போ சுத்தமா இருந்துச்சு. தூங்கி எழும்பினா இப்படி. நானா பண்ணுவேன்? எங்கிட்ட ஏது இந்த மாதிரி பேனா?”

ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன், அவள் வீறிட்டு அழுதாள். படம் எடுத்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த கணவர், “ஒங்கையில ஒட்டுன மையா இருக்கும், பயப்படாத லா” என்றார். இருக்கலாம், காலையில் அவளைத் தூக்கும்போது முந்தைய நாள் மை ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் மூக்குக்கு அடியில் ஒரு தீற்றல் இருந்தது, அதற்குச் சற்று மேலே இன்னொரு புள்ளி. அந்தப் புள்ளியை மாற்றி வைத்தது அன்று காலை, தியேட்டருக்குள்.

இப்போது மகளுக்குத் தினமும் பொட்டு வைக்கிறேன். திங்கட்கிழமை இன்னொரு குழந்தைக்கு அதே அறுவை. நேற்று வார்டில் பார்த்தேன், அதன் கன்னத்திலும் பொட்டு. துடைக்க மாட்டேன் என்றால் தலைமை மருத்துவரிடம் என்ன காரணம் சொல்வது? துடைத்துவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள், அந்தப் பொட்டை நான் துடைக்கலாமா?