முடிந்துபோன இத்தா

பத்ருன்னிசாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே புருஷன் என்பவர் முக்கால்வாசி ஓர் ஊர்ப்பெயர்தான்: சைகோன். சேக் அலாவுதீன் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் காரைக்காலுக்கு வருவார். கொண்டுவந்த பெட்டியின் வாசனை வீட்டை விட்டுப் போவதற்குள் அவர் போய்விடுவார். அந்தப் பக்கம் சண்டை வலுத்த பிறகு அந்த வரவும் நின்றது. பிள்ளை இல்லை. மாமியாரும் மவுத்தான பிறகு வீட்டில் அவளும் இரண்டு ஆடுகளும்தான். அந்தத் தெருவில் இப்படி வீட்டுக்கு ஒருத்தி இருந்ததால் யாரும் இதை ஒரு துக்கமாகவே மதிக்கவில்லை. ஊருக்கே தலைவலி என்றால் யார் யாருக்குப் பற்றுப் போடுவது?

ஐம்பத்து நாலாம் வருஷ நோன்புப் பெருநாளுக்கு மட்டும் அவளுக்கு என்னவோ குஷி. சண்டை முடியப் போகிறது, கப்பல் ஒழுங்காக ஓடப் போகிறது என்று கடைத்தெருவில் பேச்சு. அடுத்த வீட்டு சஃபியாவைக் கூப்பிட்டு இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டாள். பச்சைச் சேலை எடுத்தாள். வளையல் போட்டாள். "மச்சான் வர்ற ஜோரு, ராத்தா ஆளே மாறிட்டீங்க" என்று சஃபியா கிண்டல் பண்ணினாள். பத்ருன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வாரம். தெருவெல்லாம் தோரணம். சைகோனில் பக்கத்துக் கடையில் இருந்த அல்லா பிச்சை என்பவர் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அலாவுதீன் ரஜபு மாசமே, நோன்புக்கு முந்தியே மவுத்தாயிட்டாருங்க. காய்ச்சல். நாங்கதான் கொண்டுபோயி அடக்குனோம். அப்பவே தாக்கல் சொல்லி உட்டோமே, வந்து சேரலீங்களா?"

"இல்லீங்க" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

அவள் வளையலைக் கழற்றினாள். வெள்ளைச் சேலை உடுத்தி, உள்ளறையில் பாய் விரித்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் அலங்காரம் இல்லாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அந்த நாட்களில் சொந்தக்காரப் பெண்கள் சோறு கொண்டுவருவார்கள், கூட இருந்து ஆறுதல் சொல்வார்கள். என்றைக்கு முடியும் என்று கேட்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் திரைக்கு வெளியே நின்று மெதுவாகச் சொன்னார்:

"மவுத்தான நாள்லேர்ந்துதாம்மா கணக்கு, சேதி வந்த நாள்லேர்ந்து இல்லை. ஒங்களுக்கு இத்தா எப்பவோ முடிஞ்சிபோச்சு. நீங்க இருக்க வேண்டியதில்லை."

சட்டம் சட்டம்தான். ஹஜ்ரத் பொல்லாதவரும் அல்லர். ஆனால் பசியோடு உட்கார்ந்தவளிடம், நீ சாப்பிட்டு எழுந்து நாளாகிறது என்று சொன்னது போல இருந்தது அவளுக்கு.

மூன்று நாள் ஆட்கள் வந்தார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். இத்தாவே இல்லாதவளிடம் போய் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? அவரவருக்கு அடுப்பு இருக்கிறது. பத்ருன்னிசா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மழையில் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கப் போனாள். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. நோன்பு திறக்கும் ஒவ்வொரு பொழுதும், மண்ணுக்குள் கிடந்த மனுஷனுக்கு நீண்ட ஆயுளைக் கேட்டிருக்கிறாள். இருக்க வேண்டிய இத்தாவுக்குள்ளேதான் மருதாணி வைத்துச் சிரித்திருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் சஃபியா வந்தாள். உட்கார்ந்ததுமே அழுதாள்.

"நாந்தானே ராத்தா மருதாணி வச்சு உட்டேன். அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்."

பத்ருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுத்துச் சொல்ல வார்த்தை தேடியபோதுதான் அவளுக்கே அது புரிந்தது.

"பாவம் இல்லடி. எல்லாருக்கும் அவரு ரஜபுலயே மவுத்து. எனக்கு மட்டும் ஐப்பசி வரைக்கும் இருந்தாரு. எட்டு மாசம் அல்லா எனக்குக் கூடக் குடுத்திருக்கான். தெரிஞ்சிருந்தா அந்தப் பெருநாளும் போயிருக்கும். நீ வச்சு உட்டதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்."

அதைச் சொல்லி முடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் வராமல் அடைத்துக்கொண்டிருந்த அழுகை. சஃபியா தடுக்கவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

பத்ருன்னிசா தொழுதுவிட்டுக் கையேந்தினாள். பெருநாளைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். சற்றுத் தயங்கி, அல்லா பிச்சை சேதி கொண்டுவந்ததற்கும் சொன்னாள். வராத மனுஷனை வா வா என்று கேட்டுக்கொண்டிருந்த வேலை அதோடு முடிந்தது. இனி மண்ணறையில் அவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்கலாம்.

"ரப்பே, கபுருல அவரைத் தனியா உட்டுறாதே" என்றாள். "எனக்குப் பழகிப்போச்சு. அவருக்குப் பழக்கமில்லை."