இடுப்புக் கத்தி

எங்கள் சோபா பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்பாஞ்ச் அறுக்கிற கத்தியை யாரும் அங்கே விட்டுப் போக மாட்டார்கள். விட்டால் மறுநாள் எவனாவது அதில் கயிறு அறுத்திருப்பான், கம்பி சுரண்டியிருப்பான். மழுங்கிய கத்தியால் அறுத்தால் ஸ்பாஞ்ச் எலி கடித்த மாதிரி பிய்ந்து வரும். அதனால் அவரவர் கத்தி அவரவர் இடுப்பில். மிச்ச ரெக்சினில் அதற்கு உறை தைத்துக் கொடுப்பது என் வேலை, மெஷின் தைக்கிறவள் நான்தானே.

பஞ்சுவுக்கும் ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. தலைமுடி, புருவம், காதுமடல் என்று எந்நேரமும் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரிவான், பேரும் ஒட்டிக்கொண்டது. நான் சொல்ல வந்தது அவன் பெண்டாட்டியைப் பற்றி. என் வீட்டுக்கு மேல்மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் மெத்தை செய்கிறவன் வீட்டில் படுப்பது பாயில். கேட்டால், "மெத்தைல படுத்தா அவருக்கு வேலை ஞாபகம் வந்துடும்க்கா, தூங்க மாட்டாரு" என்று சிரிப்பாள். அப்படிச் சிரிக்கிற பெண் அவள்.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் அவளுக்குக் கத்தி பயம் பிடித்துக்கொண்டது. மேலே வைத்தால் விழும், கீழே வைத்தால் எடுக்கும், அந்த அறையில் வேறு இடம் ஏது? காலையில் அவன் சட்டை பட்டன் போடுவதற்குள் தானே கத்தியை எடுத்து அவன் இடுப்பில் சொருகிவிடுவாள். "முதல்ல இது வெளிய போகணும், அப்புறம் நீங்க போங்க" என்பாள்.

ஒரு நாள் பட்டறை லீவு. எங்கள் சோபாக்களை ஏற்றிப் போகிற டெம்போக்காரன் தெருவில் நின்று குரல் கொடுத்தான். தேன் ஒழுகப் பேசுகிற ஆள். பஞ்சு கீழே இறங்கிப் போனான். இவள் திரும்பிப் பார்த்தால், அலமாரி ஓரத்தில் கத்தி, அலமாரியைப் பிடித்து நிற்கப் பார்க்கிறது குழந்தை. கத்தியை உறையோடு பறித்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து அவன் இடுப்பில் சொருகினாள். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு எதுக்குடி?" என்றான்.

"வீட்டுல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

மதியத்துக்குள் இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். ஒரு செல்போன் கடை. டெம்போக்காரன் உள்ளே போய்க் கூச்சல் போட்டு மிரட்டி, கல்லாவில் கை வைத்திருக்கிறான். பஞ்சு வாசலில் நின்றிருக்கிறான். ஏன் போனான் என்று என்னைக் கேட்காதீர்கள். வாடகை பாக்கி, குழந்தைக்கு விடாத இருமல், டெம்போக்காரன் வாய், எல்லாம் சேர்ந்ததுதான். செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் போலீஸ் சட்டையைத் தூக்கியபோது கத்தி உறைக்குள்ளேயே இருந்தது. அவன் அதைத் தொடக்கூட இல்லை.

வெறும் கையாக இருந்திருந்தால் நாலு வருஷத்தோடு போயிருக்கும். கத்தி இருந்ததால் ஆயுதக் கொள்ளை. இருபது வருஷம். கையில் இருந்ததா, உறையில் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரனுக்கு அவன் பொருள் அன்று சாயங்காலமே திரும்பிவிட்டது. "இப்படிப் போட்டாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும்" என்றார் எங்கள் முதலாளி. சொன்ன கையோடு பஞ்சுவின் இடத்தில் அவன் பெண்டாட்டியைப் பாதிக் கூலிக்கு உட்கார வைத்தார். ஒருத்தனை உள்ளே வைத்து இருபது வருஷம் சோறு போட சர்க்காரிடம் காசு இருக்கிறது, அவன் குழந்தையின் இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்துக்கு வழியில்லை.

அவள் சிரிப்பு நின்றுபோனது. "நான்தானேக்கா சொருகினேன்? நாலை இருபதா ஆக்கினது இந்தக் கைதானே?" என்று வலது கையைச் சுவரில் அறைவாள். பிடித்து நிறுத்துவேன். அவளைச் சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது என்று பஞ்சு வக்கீலிடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான். தன்மேல் இருக்கிற கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேல்முறையீட்டுக்கு ஒரு புது வக்கீல் வந்தார். "அது தொழில் கத்தி, தினமும் இடுப்புல இருக்கறதுன்னு வீட்டுக்காரம்மா சொன்னா தண்டனை குறையும்மா" என்றார். அதற்கப்புறம் அவளை யார் தடுக்க முடியும்? சாட்சி சொல்லப் போனாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"அன்னைக்குப் பட்டறை லீவு இல்லையா?"

"ஆமாங்கய்யா."

"லீவு நாள்ல தொழில் கத்தி எதுக்கு?"

"அப்ப குழந்தை தவழ்ந்துட்டிருந்துச்சுங்கய்யா..."

"யார்கூடப் போறார்னு தெரியுமா?"

"டெம்போக்காரர்கூட."

அவர் நான் தைத்த உறையை உயர்த்திக் காட்டினார். "சட்டைக்குள்ள மறைக்கற மாதிரி உறை. பின்னாலயே ஓடிப்போய் சொருகி அனுப்பியிருக்காங்க. கனம் நீதிபதி அவர்களே, ஆயுதம் குடுத்து அனுப்பினவங்களும் இந்தக் குற்றத்துல பங்காளிதான். இந்தம்மா மேலயும் வழக்குப் போட வேண்டியிருக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திரும்பி என் மடியைத்தான் பார்த்தாள்.

கூண்டுக்குள் பஞ்சு எழுந்து நின்றான். "அவ பொய் சொல்றாய்யா! என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றா. அவ தூங்கிட்டிருந்தா. நான்தான் எடுத்துட்டுப் போனேன். மிரட்டறதுக்குத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"இல்லய்யா! நான்தான்! அக்காவக் கேளுங்க, அக்கா பார்த்தாங்க!" என்று அலறினாள். பஞ்சு என்னைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். ஊரையே வாயில் போட்டு மெல்லுகிறவள் நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவளை விட்டுவிட்டார்கள். இருபது வருஷம் அப்படியே நின்றது.

அடுத்த முறை அவள் சிறைக்குப் பார்க்கப் போனபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். தலையில் அங்கங்கே வெள்ளை. பழக்க தோஷத்தில் பஞ்சு என்று நினைத்துவிட்டேன். நரை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? உண்மையத்தானே சொன்னேன்!" என்று வலையைப் பிடித்து உலுக்கினாள்.

"ரெண்டு பேரும் உள்ள வந்துட்டா பாப்பாவுக்கு யாருடி?" என்றான். "இதுக்குத்தான் மொதல்லயே உன்னக் கூப்பிட வேணாம்னேன்."

அவள் நெற்றியை வலையில் வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை என் கையிலிருந்து நழுவி இறங்கி, தத்தித் தத்தி நடந்து போய் அவள் சேலையைப் பிடித்தது. அது நடந்து அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே இருந்தான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார்.

எழுந்தவன் நின்று கேட்டான். "இப்ப கத்திய எங்க வைக்கிற?"

"பட்டறையிலயே விட்டுட்டு வரேன்."

"மழுங்கிடுமேடி."

"மழுங்கட்டும்" என்றாள்.